பெயர்ப் பட்டை போலீஸாரின் விருப்பமா?

"சட்டையில் பெயர் குத்துவது போலீஸாரின் இஷ்டம், சட்டத்தில் அப்படியொன்றும் இல்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

போலீஸ் காவலில் நடக்கும் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது செய்பவரும் விசாரிப்பவரும் பெயர், பதவியோடு தெளிவான பட்டை அணிய வேண்டும். மீறினால் துறை நடவடிக்கை மட்டுமல்ல, நீதிமன்ற அவமதிப்பும் பாயும். அப்புறம் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி பிரிவானது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36வது பிரிவு. எண்தான் மாறியது, கடமை அப்படியே இருக்கிறது.

சரி, பட்டை இல்லாவிட்டால் கைதே செல்லாது, ஓடிவிடலாம் என்கிறார்களே? அந்தப் பிரிவில் அப்படி ஒரு வரியும் கிடையாது. ஓடினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடும்போது கைது செய்பவரின் பெயரைக் கேளுங்கள்.