தலைமுழுகிய கார்

சேகர்: அந்தக் காரைத்தான் நான் எப்போதோ தலைமுழுகிவிட்டேனே, அக்கா! இன்னும் என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?

கமலா: தலையும் முழுகவில்லை, காலும் நனையவில்லை, தம்பி. நம் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. கண்ணாடித் தூசியில் ‘என்னைக் குளிப்பாட்டுங்கள்’ என்று விரலால் எழுதிய எதிர்வீட்டுப் பையன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடித்து உயர்நிலைப் பள்ளிக்கே போய்விட்டான். எழுத்து மட்டும் அழியவில்லை.

சேகர்: நான் சொன்னது அந்த முழுக்கு இல்லை. இனி எனக்கும் அதற்கும் உறவில்லை என்று பொருள்.

கமலா: காருக்கு அது தெரியுமா? நான்கு சக்கரமும் காற்றிறங்கிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அடியில் எண்ணெய் சொட்டிச் சொட்டித் தோசைக்கல் அளவுக்குக் கறை படிந்திருக்கிறது. நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி கட்டும் என் மகன் மொட்டைமாடி வெயிலில் நிறுத்திவிட்டு வருகிறான். உங்கள் கார் நிழலில் தவம் செய்கிறது.

சேகர்: என்ன செய்வது, அக்கா? 10 ஆண்டு முடிந்ததும் ஆசைப்பட்டு, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதுவும் முடிந்துவிட்டது. அப்படிப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்கவும் முடியாது, பதிவை நீக்கும்போது கிடைக்கவேண்டிய கழிவுத்தொகையும் கிடைக்காது. வராத பணத்துக்கு நான் ஏன் அலையவேண்டும்?

கமலா: பணம் வந்தால்தான் பிணத்தை எடுப்பீர்களோ? பதிவு நீங்கிய ஒரு மாதத்துக்குள் காரை அனுமதி பெற்ற இடத்தில் உடைக்கக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது கார் வைத்திராத எனக்கே தெரிகிறது.

சேகர்: யாராவது வந்து எடுத்துப்போவார்கள் என்று நினைத்தேன்.

கமலா: அதென்ன பழைய பேப்பர் கட்டா, பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து தூக்கிப்போக?

சேகர்: (குரலைத் தாழ்த்தி) ஒருவேளை, ஓர் இரவில் அது தானாகவே தீப்பிடித்துக்கொண்டால், காப்புறுதியாவது...

கமலா: சாலை வரியே கட்டாத காருக்குக் காப்புறுதி எங்கிருந்து வரும்? தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோலும் நான்கு டயரும் எரிந்தால் அந்த வரிசையே எரியும், தம்பி. சான்றிதழாவது 5 ஆண்டுக்குத்தான் கிடைத்தது. வேண்டுமென்றே தீ வைத்தால் 7 ஆண்டு வரை கிடைக்கும், அதுவும் தங்குமிடம், சாப்பாட்டோடு.

சேகர்: விளையாட்டுக்குச் சொன்னேன், அக்கா! நாளைக்கே நிஜமாகத் தலைமுழுகிவிடுகிறேன்.

கமலா: வாளி தரட்டுமா?

சேகர்: அந்த முழுக்கு இல்லை என்றேனே!

கமலா: வாங்கிய அன்று கோயிலில் மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கி, புளோக் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். கொண்டுவரும்போது அத்தனை பேரைக் கூப்பிட்ட மனிதர், அனுப்பும்போது ஓர் இழுவை வண்டிக்காரரைக் கூப்பிடக் கூடாதா? நாளைக்கு அதிகாரிகள் இழுத்துப்போனால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை முதலில் எடுத்து என்னிடம் கொடுங்கள். அவர் தலையிலாவது நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

சேகர்: கொடுக்கலாம், அக்கா. கார்ச் சாவியை எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில்லை.