சாம்பிள் எடுத்தவர்தானே என்று கேட்டவருக்கு

நேற்று அந்தப் பதிவின் கீழே நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். எபோலா என்ற கொடிய காய்ச்சலின் வைரஸைக் கண்டுபிடித்தவர் என்று பெல்ஜிய ஆய்வாளர் பீட்டர் பியோட்டின் படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். காங்கோ நாட்டு மருத்துவர் முயெம்பேயின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதில்: "அவர் சாம்பிள் எடுத்துக் கொடுத்தவர்தானே மேடம்?" அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அந்த சாம்பிளை எப்படி எடுத்தார் என்று பார்ப்போம்.

1976. காங்கோவின் வடக்கே யாம்புக்கு என்ற ஊர். பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வந்தவர்கள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். என்ன நோய் என்று பார்த்துவரச் சொல்லி தலைநகர் கின்ஷாசாவிலிருந்து அரசு அனுப்பியவர்களில் ஒருவர் ழான்-ஜாக் முயெம்பே. பெல்ஜியத்தின் லூவெனில் வைரஸ் ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கிய மருத்துவர். டைபாய்டா, மஞ்சள் காய்ச்சலா என்ற சந்தேகத்தோடு போனார். கையுறை இல்லை. வெறுங்கையால் ரத்தம் எடுத்தார். ஊசியை உருவிய பிறகும் குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்து அவர் விரலெல்லாம் ஆனது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான் பாதுகாப்பு. இறந்தவர்களின் கல்லீரலிலிருந்தும் மாதிரி எடுத்தார். அந்த முறை அங்கே நோய் கண்ட 318 பேரில் 280 பேர் இறந்தார்கள். முயெம்பே பிழைத்தது அதிர்ஷ்டம்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. காய்ச்சலோடு இருந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் பேசி, சம்மதிக்கவைத்து, தன்னோடு கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் கன்னியாஸ்திரியின் ரத்தம்தான் தெர்மாஸ் பிளாஸ்க்கில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வகத்துக்குப் போனது. அங்கே அதைத் திறந்த குழுவில் இருந்த இளைஞர்தான் பியோட். இது நமக்குத் தெரிந்த நோய் இல்லை, இந்த ரத்தத்தை வெளியே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று நோயாளியின் படுக்கை அருகே நின்று முடிவெடுப்பது மருத்துவம் இல்லையா? அது கண்டுபிடிப்பில் சேராதா?

"எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்தானே கண்டுபிடித்தவர்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கின்ஷாசாவில் அந்த வசதி கிடையாது. புது வைரஸ் என்று உறுதி செய்தது அட்லாண்டாவில் இருந்த அமெரிக்க ஆய்வகம். பியோட்டின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, பிறகு அவரும் யாம்புக்குவுக்கே போய் வேலை பார்த்தவர். ஆனால் அந்தப் படத்தில் ஒருவர்தானே இருக்கிறார்? நான் கேட்டது இன்னொருவருக்கும் அதில் இடம். "உங்களுக்கு வெள்ளைக்காரர்கள் மேல் வெறுப்பு" என்றவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு: நான் லேப் டெக்னீஷியன். ஒரு டெங்கு சீசனில், கை வீங்கிய குழந்தைக்கு நரம்பு தேடி, அதன் அம்மாவின் அழுகையையும் சமாளித்து, ரத்தம் எடுத்த நாட்கள் உண்டு. பாசிட்டிவ் வந்தவர்களில் பலர் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டியதும் நாங்கள்தான். பிறகு ஒரு மாநாட்டில் அந்தத் தகவல் அழகான போஸ்டராகத் தொங்கியது. எங்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. கேட்டதற்கு, நீங்கள் ரத்தம்தானே எடுத்தீர்கள் என்றார்கள். கிட்டத்தட்ட அதே வாசகம்.

முயெம்பேயின் கதை 1976-ல் முடியவில்லை. 1995-ல் கிக்விட் நகரத்தில் எபோலா மறுபடி வந்தபோது, நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட வேறு குழு இல்லை, இது ஆதாரமாகாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் ஒதுக்கினார்கள். முறைப்படி அது சரியான கேள்விதான். ஆனால் அந்த யோசனையை அவர் விடவில்லை. அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்துதான் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து எம்ஏபி114 என்ற எதிர்ப்பு மருந்து உருவானது. 2018 நவம்பரில் கிழக்கு காங்கோவில் நான்கு மருந்துகளை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஜெயித்த இரண்டில் ஒன்று அது. உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்து அந்த இரண்டில் ஒன்றைப் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். எபோலா வந்தால் சாவுதான் என்று நாம் படித்ததை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது ஆயிரக்கணக்கான ரத்த மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. ரத்தம் கொடுத்தவர்களின் நாட்டில் அதை வைத்து ஆராய வழியில்லாமல் போனது. அதனால்தான், 2018-ல் தொடங்கிய பரவலில் மாதிரிகள் காங்கோவிலேயே இருக்க வேண்டும் என்று முயெம்பே பிடிவாதமாக நின்றார். எனக்கு அவருடைய பரிசுகளைவிட இந்தப் பிடிவாதம் பெரிதாகப் படுகிறது. ஒருமுறை பறிகொடுத்தவருக்குத்தான் அது வரும்.

2019-ல், எழுபத்தேழு வயதில், அந்தப் பரவலைக் கட்டுப்படுத்தும் முழுப் பொறுப்பையும் அவரிடம் அந்த நாடு கொடுத்தது. மருந்துச் சோதனையின் முடிவு அதே வருடம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. முதல் ஆசிரியர் பெயர் சபுவே முலாங்கு, காங்கோ நாட்டு மருத்துவர். அடுத்த முறை எபோலா மருந்தைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பெயரையும் போடுங்கள்.