தர்மபுரியில் ஏது ஏர்போர்ட்?

"தர்மபுரி – டெல்லி: விமான தூரம் சுமார் 1,800 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 2 மணி 15 நிமிடம்." இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான். மேப்பில் நம் ஊரிலிருந்து டெல்லிக்கு நேராக ஒரு கோடு வேறு. தர்மபுரியில் விமான நிலையமே கிடையாது ஐயா! கிருஷ்ணகிரியிலும் கிடையாது. கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையம்கூட இல்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, நேர்கோட்டுத் தூரம் கண்டுபிடித்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கே ரன்வே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெங்களூரு – டெல்லி விமானத்துக்கே டைம்டேபிளில் ஏறக்குறைய 3 மணி நேரம் போடுகிறார்கள்.

யார் எதையாவது போட்டுக்கொள்ளட்டும் என்று விடவும் முடியவில்லை. டெல்லியில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் இதைப் பார்த்துதான் மீட்டிங் வைக்கிறது. "ரெண்டே கால் மணி நேரம்தானே, காலையில் கிளம்பி 11 மணிக்கு வந்துவிடுங்கள்" என்கிறார்கள். கேட்டதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தர்மபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 150 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி டோல், ஓசூர், அத்திப்பள்ளி டோல் வரைக்கும் சரி, வண்டி ஓடும். அதற்கப்புறம்தான் சோதனை. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியை மேம்பாலத் தூணோரம் வைத்து, ஏர்போர்ட் பஸ் எப்போது வரும் என்று புகைக்குள் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஏறினாலும் ஏர்போர்ட் போகிற வழியில் ஹெப்பாளில் வண்டி நகராது. ஏர்போர்ட்டுக்கு 2 மணி நேரம் முன்னாடியே போய் நிற்க வேண்டும், வெளிநாடு என்றால் 3. காலை விமானத்துக்கு நள்ளிரவிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். வானத்தில் இருக்கும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல்.

"சேலம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, காமலாபுரத்தில், நமக்குப் பக்கம்தான். 2018இல் மீண்டும் சேவை தொடங்கி, நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. டெல்லிக்கு நேரடி விமானம் கிடையாது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் புதிதாக வேறொன்று வரக்கூடாது என்ற ஒப்பந்தம் 2033 வரை குறுக்கே கிடக்கிறது. அதுவரை நாங்கள் சில்க் போர்டில்தான் நிற்க வேண்டுமா?

விமான நிலையம் வருகிறபோது வரட்டும். அதுவரை தர்மபுரி என்று தேடினால் "இங்கே விமான நிலையம் இல்லை, பெங்களூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டும், சாலையில் இத்தனை மணி நேரம்" என்று உள்ளதைப் போடுங்கள். மீட்டிங் வைக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு நேரம் குறியுங்கள்.