எழுத்து இல்லாத மாத்திரை பாதுகாப்பானது அல்ல

பெங்களூரு அல்சூர் சகோதரி தன் மகனின் பையில் கண்டெடுத்த உதிரி மாத்திரைகள் பற்றி, "மேலே பொறித்திருப்பதை அமெரிக்க இணையதளத்தில் தேடினால் பெயர் தெரிந்துவிடும், எதுவும் பொறித்திருக்காவிட்டால் வெறும் காய்ச்சல் மாத்திரைதான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாத்திரைகளிலும் அடையாளக் குறி பொறிப்பது கட்டாயம். இந்தியாவில் அப்படியில்லை. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அட்டையில்தான் இருக்கும். பிரித்தெடுத்த பிறகு பாரசிட்டமாலும், போதைக்காகப் பிள்ளைகள் விழுங்கும் டபென்டடால் என்ற வலிநிவாரணியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே சகோதரி, முதலில் காலி அட்டையைத் தேடுங்கள்: பை, மேசை, குப்பைக்கூடை. சிவப்பு எழுத்தில் 'என்ஆர்எக்ஸ்' (NRx) என்றிருந்தால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. அது இல்லை என்பதற்காக நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

மாத்திரையையும் அட்டையையும் உறையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மகனிடம் கத்தாமல் கேளுங்கள், அவனுக்குத்தான் உண்மை தெரியும். எழுப்பினாலும் விழிக்காத உறக்கம், மெதுவான மூச்சு என்றால் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.