வெர்சன் என்னன்னு பாத்தது ஒரு குத்தமாலே?

இன்னைக்கும் குரோம் பிரவுசர் மூலையில அந்த அப்டேட் பட்டன் வந்து நிக்கி. அப்டேட் வந்து ரெண்டு நாளுக்குள்ளன்னா பச்சை, நாலு நாள் ஆச்சுன்னா ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டுனா செவப்பு. வண்ணார்பேட்டை சிக்னல்ல செவப்பு விழுந்தா நிக்கணும். குரோம்ல செவப்பு விழுந்தா ஓடணுமாம்.

புது வெர்சனுக்கு மாறலாமா வேண்டாமான்னு யோசிக்க ஒரு மனுசனுக்கு உரிமை உண்டா இல்லையா? யோசிக்கணும்னா இப்ப கையில இருக்கது எந்த வெர்சன்னு மொதல்ல தெரியணும். அங்கதான் வச்சிருக்கான் கண்ணிய.

20ஆம் தேதி, சாயங்காலம் ஆறு மணி. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு, அதான் மாசாந்திர வரிக் கணக்குக்கு, கடைசி நாள். பாளையங்கோட்டையில எந்த ஆடிட்டர் ஆபீஸ வேணும்னாலும் எடுத்துக்கோங்க அண்ணாச்சி, படம் ஒண்ணுதான். சாதா விண்டோல ஒரு கம்பெனி லாகின், இன்காக்னிட்டோங்க ஹிஸ்டரி வைக்காத தனி விண்டோல இன்னொரு பார்ட்டி. ஒரே விண்டோல ரெண்டு லாகின் நிக்காதுல்லா, அதான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யுஎஸ்பியில சொருகிக் கெடக்கு. சைட்டு சுத்துது. சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. ஹெல்ப்லைனுக்கு அடிச்சா, அந்தப் பக்கம் கேக்க மொத கேள்வி: “சார், பிரவுசர் எந்த வெர்சன்?”

நியாயமான கேள்விதான். மூணு புள்ளிய அழுத்து, ஹெல்ப்புக்குப் போ, அபவுட் குரோம அழுத்து. நம்பரப் பாக்கத்தான் போனோம். கதவத் தொறந்து உள்ள யாரு இருக்கான்னு எட்டிப் பாக்க மாதிரி. பக்கம் தொறந்த அடுத்த நொடி வட்டம் சுத்த ஆரம்பிக்கி. அப்டேட் இருக்கான்னு பாக்குதாம். பெறவு அதே இறக்குது. “இறக்கட்டுமா”ன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஏலே, ஒன்னய யாருலே கேட்டா? மொய் எழுதுத நோட்டத் தொட்டதுக்கே தாலி கட்டி வச்ச கதையால்லா இருக்கு!

இப்ப பிரவுசர மூடித் தொறக்க ரீலாஞ்ச் பட்டன் வந்தாச்சு. “அத அழுத்துங்க சார்”ங்கான் போன்ல இருக்கவன். அழுத்தாம இருந்தா தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க. இறக்குன அப்டேட் வாசல்லயே உக்காந்திருக்கும். எப்ப மூடித் தொறந்தாலும் புதுசுதான் எந்திரிக்கும். நீங்க மூடக்கூட வேண்டாம், ஒரு கரண்ட் கட் போதும். நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்?

சரின்னு அழுத்தியாச்சு. சாதா விண்டோ திரும்பி வந்துச்சு. இன்காக்னிட்டோ வரல. வராது, அது அப்படித்தான். வந்த விண்டோலயும் லாகின் செத்துப் போச்சு. சேவ் பண்ணாம அடிச்சு வச்சிருந்த தொகையெல்லாம் தாமிரபரணியில கரைச்ச மாதிரி. மறுபடி யூசர்நேம், பாஸ்வேர்ட், கேப்சா. அது ஆறா, எட்டா, இல்ல பியா? யாருக்குத் தெரியும்.

எல்லாத்தையும் திரும்ப அடிச்சு, கையெழுத்துப் போடப் போனா, இதுவரைக்கும் பாத்தே இராத பெட்டி ஒண்ணு எட்டிப் பாக்குது. இந்த சைட்டு ஒங்க லோக்கல் நெட்வொர்க்குல இருக்க சாதனங்களத் தேடி இணைக்கப் பாக்குதாம். அலோவா, பிளாக்கா? வைரஸ், ஹேக்கிங்னு பத்து வருசமாப் பயமுறுத்தி வளத்த பிள்ளைக எத அழுத்தும்? பிளாக்தான் அழுத்தும். அழுத்துனதும், டோக்கன் கிடைக்கலன்னு கைய விரிக்கி சைட்டு.

இனிமதான் கூத்து. டோக்கனப் புடுங்கி அடுத்த ஓட்டையில சொருகுதாங்க. துணியால தொடைச்சு சொருகுதாங்க. டிரைவர அழிச்சுப் போடுதாங்க. சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணுதாங்க. டோக்கன் வித்தவனுக்குப் போனப் போட்டு ஏசுதாங்க. பாவம், அவன் மேல ஒரு தப்பும் கெடையாது. மணி ஏழே முக்கால்.

என்ன நடந்துச்சுன்னா, கையெழுத்து வாங்கித் தாரது டோக்கன் இல்ல, அதே கம்ப்யூட்டருக்குள்ள ஓடுத ஒரு குட்டி புரோகிராம். 127.0.0.1ங்க உள்விலாசத்துல அதக் கூப்பிட்டுத்தான் சைட்டு பேசும். 142ஆம் வெர்சன்லேர்ந்து அந்த மாதிரி உள்ள நுழைய குரோம் அனுமதி கேக்கும். நல்ல எண்ணம்தான், கண்ட சைட்டும் வீட்டு ரூட்டர நோண்டக் கூடாதுல்லா. ஆனா கேக்க கேள்வியப் பாத்து ஒரு மனுசனுக்காவது அது டோக்கன் சமாச்சாரம்னு வெளங்குமா? விலாசப் பட்டைக்கு இடது ஓரத்துல இருக்க சின்னப் படத்த அழுத்தி, சைட் செட்டிங்ஸ்ல அந்த அனுமதிய அலோவ்னு மாத்தி, பக்கத்த ரீலோட் பண்ணா முடிஞ்சுது சோலி. ரெண்டு நிமிச வேலைக்கு ரெண்டு மணி நேரம்.

வெர்சன் மட்டும் பாக்கணும்னா அபவுட் பக்கத்து வாசலையே மிதிக்காதீங்க. விலாசப் பட்டையில குரோம்னு அடிச்சு, முக்காப்புள்ளி, ரெண்டு சாய்கோடு, வெர்சன்னு போடுங்க. நம்பரக் காட்டிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கும். பயர்பாக்ஸ் பிரவுசர்ல அபவுட், முக்காப்புள்ளி, சப்போர்ட். பயர்பாக்ஸ் செட்டிங்ஸ்லயாவது “பாத்து மட்டும் வையி, போடுதத நான் சொல்லுதேன்”னு ஒரு வழி வச்சிருக்கான். அந்த மட்டுக்கும் மகராசன்.

புதுசு புடிக்கலன்னு பழசுக்குத் திரும்பலாம்னு மட்டும் கனவு காணாதீங்க. நெல்லையப்பர் ஆனித் தேரயே சறுக்குக் கட்டை போட்டு நிறுத்திரலாம், இதுக்கு ஒரு கட்டையும் கெடையாது. பழைய குரோமப் போட்டா, ஒங்க புரொபைல், அதான் புக்மார்க், பாஸ்வேர்டெல்லாம் கெடக்க போல்டர், புது வெர்சன்ல உள்ளது, செல்லாதுங்கும். பயர்பாக்ஸ் புது புரொபைல் போடு, இல்ல வெளிய போங்கும். அதனால மாறுததுக்கு முந்தியே பிரவுசர மூடிட்டு புரொபைல் போல்டர அப்படியே காப்பி எடுத்துருங்க. பயர்பாக்ஸ்ல பாஸ்வேர்ட் ரெண்டு ஃபைல்ல இருக்கும், லாகின்ஸ் ஜேசன் ஒண்ணு, கீ4 டிபி ஒண்ணு. பூட்டும் சாவியும் மாதிரி, ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுத்தா ஒண்ணுத்துக்கும் ஆவாது. குரோம் பாஸ்வேர்ட் அந்த விண்டோஸ் கணக்கோடயே கட்டிப் போட்டது. போல்டரத் தூக்கி வேற சிஸ்டத்துல வச்சா தொறக்காது. தனியா எக்ஸ்போர்ட் பண்ணி, சோலி முடிஞ்சதும் அந்த ஃபைல அழிச்சிருங்க. எல்லா பாஸ்வேர்டும் அதுல வெட்ட வெளிச்சமா கெடக்கும்.

விண்டோஸ் 7 வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலியே கெடையாது. 2023 ஜனவரியில வந்த 109ஓட குரோம் கதவச் சாத்திட்டான். அதுலயும் சைட்டு கூசாம “லேட்டஸ்ட் வெர்சனுக்கு மாறுங்க”ங்கும். நாங்க என்ன மாட்டேன்னா சொன்னோம்?

அப்டேட்டே வேண்டாம்னு இருக்கவன் கோட்டிக்காரன். ஓட்டைய அடைக்காத பிரவுசர்ல பேங்க் வேலை பாக்கது, திருட்டுப் பயலுக்கு இலை போட்டு உக்கார வைக்க மாதிரி. மாறத்தான் வேணும். ஆனா 20ஆம் தேதி மாறக் கூடாது. ஞாயித்துக்கிழமை மாறு, டோக்கனப் போட்டு ஒரு கையெழுத்து வருதான்னு பாரு. ஆபீஸ் சிஸ்டத்துல ரெண்டாவதா பயர்பாக்ஸ் இஎஸ்ஆர், ஆபீஸ்களுக்குன்னே விடுத நிதானமான வெர்சன், ஒண்ணு கெடக்கட்டும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் ஒழுங்கா வரும், மாசா மாசம் பட்டன எடம் மாத்தி வெளையாடாது. பத்து நிமிசத்துல போட்டுரலாம். அந்தப் பத்து நிமிசந்தான் எந்த ஆபீஸ்லயும் கெடைக்காது, மறு மாசம் 20ஆம் தேதி ஆறு மணி வரைக்கும்.

சரி, அது கெடக்கட்டும். சொதி சாப்பாடுன்னு வாசல்ல போர்டு தொங்க விட்டுட்டு, எலையில இஞ்சிப் பச்சடி வைக்காம ஊறுகாய வைக்கானே மெஸ்ஸுக்காரன், அத யாரு வே கேக்கது? கேட்டா புது மெனுவாம்.