அவள் மயங்கி விழுந்ததற்குக் காரணம் உடற்பயிற்சி இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். லோ கார்ப் டயட்டும் (சோறு, இட்லி, சர்க்கரை போன்ற மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு) உடற்பயிற்சியும் தொடங்கியிருந்த ஒரு பெண் அங்கே மயங்கி விழுந்தாள், அந்த வீடியோ பரவிவிட்டது. அதற்கு மேல் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான்கு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் "லோ கார்ப் டயட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தால் இப்படித்தான் ஆகும், ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள்" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுவதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்பு அங்கேதான்.

ஜிம்மில் அவளை ஒரே நாளில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 6-வது நாளே டிரெட்மில்லில் 40 நிமிடம் ஓட வைத்தார்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது எல்லாம் ஆரம்ப நாட்களில் வரக்கூடியவைதான். அந்த வாரத்தில் போய் வியர்க்க வியர்க்க ஓடச் சொல்லலாமா? உப்பைக் குறைக்கச் சொல்லி வேறு அறிவுரை. கடைசியில் "மனஉறுதி போதவில்லை" என்று பழியை அவள் மேலேயே போட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், 3 கிலோ குறைந்துவிட்டாள் என்று எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்களே, அது என்ன 3 கிலோ? தசையிலும் கல்லீரலிலுமாக நம் உடம்பு மாவுச்சத்தை அரை கிலோ அளவுக்குக் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் முதலில் இறங்குவது அதுதான். பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பு கரைவது அதற்கப்புறம், மெதுவாக.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். முதல் தடவை லோ கார்ப் ஆரம்பித்தபோது நானும் வாயை மட்டும்தான் கட்டினேன். 4 மாதத்தில் 11 கிலோ இறங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒருநாள் அலமாரியின் கீழ்த்தட்டில் எதையோ தேடத் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றி, முட்டி போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக நின்றபோது தொடை இரண்டும் நடுங்கின. கொழுப்போடு தசையும் போயிருந்தது. ஒரு வருடத்துக்குள் போன எடை அத்தனையும் திரும்பி வந்தது, கூடவே 2 கிலோவும்.

இரண்டாவது தடவை வாரத்துக்கு 3 நாள் எடைப் பயிற்சி, தினமும் நடை, ஒவ்வொரு வேளையும் போதுமான புரதம். முதல் மாதம் எடை ஒன்றரை கிலோதான் குறைந்தது. அன்றைக்கு அழுதேன். ஆனால் மாட்டியிருந்த பேன்ட்டின் இடுப்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. குறைய வேண்டியது கொழுப்பு, தசை இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தசையைக் காப்பாற்ற உடற்பயிற்சியும் புரதமும் வேண்டும். வெறும் டயட் அதைச் செய்யாது.

"உடற்பயிற்சியால் எடை குறையாது, வீண் வேலை" என்பவர்களுக்கு: தனியாக அதை மட்டும் செய்தால் பெரிதாகக் குறையாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அரை மணி நேர வேக நடைக்குச் செலவாவது 150 கலோரி அளவில்தான். ஆனால் குறைத்த எடையைத் தக்கவைப்பது? எடை குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே இருப்பவர்களை அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைப்பவர்கள். அதை எப்படி வீண் என்கிறீர்கள்?

"லோ கார்ப் ஒன்றும் மந்திரம் இல்லையே" என்பீர்கள். இல்லைதான். 2018-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருட முடிவில் லோ கார்ப் பக்கம் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்த பக்கம் 5.3 கிலோ. பெரிய வித்தியாசமே இல்லை. எனக்குப் பசி அடங்கியது, அதனால் இதைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு வேறு ஒத்துவந்தால் அதைச் செய்யுங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அதனால்தான் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். இன்சுலின் போடுபவர்களுக்கு சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு கீட்டோ (மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும் கடுமையான லோ கார்ப்) சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதையெல்லாம் படிக்காமல் என்னிடம் சான்றிதழ் கேட்கிறவர்கள், அவளை ஓட வைத்தவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

எனக்கு வலிப்பது வேறு. கூச்சப்பட்டுக்கொண்டே முதல் தடவையாக ஜிம்முக்குள் வந்த பெண் அவள். வாசலில் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு, மூன்றாவது முறைதான் உள்ளே வந்தாள். அவள் விழுந்தபோது பக்கத்தில் 6 பேர் இருந்தார்கள். தூக்கிவிட வந்தது ஒருவர்தான். இன்னொருவர் கையில் போன் இருந்தது.

நேற்று அவளே கூப்பிட்டாள். "அக்கா, நான் நடக்க மட்டும் செய்யட்டுமா? அங்கே திரும்பப் போகச் சொல்லாதீங்க" என்றாள். சரி என்றேன். இந்த வாரம் நடை மட்டும், சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கட்டும், மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், டம்பெல்லை அடுத்த வாரம் என் வீட்டிலேயே தூக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த வீடியோ இன்னும் இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழியுங்கள்.