டாட்டூ யூ: 1981-இல் வந்த எழுபதுகளின் ஆல்பம்

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் கடைசி நல்ல ஆல்பம் எது என்று கேட்டால் பல ரசிகர்கள் யோசிக்காமல் 'டாட்டூ யூ' என்பார்கள். 1981 ஆகஸ்டில் வந்தது. அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். அதற்குப் பிறகு வந்த அவர்களுடைய எந்தப் புது ஆல்பமும் அங்கே முதலிடத்தைத் தொடவில்லை. எனக்கும் இது உயிர். ஆனால், "இருபது வருஷம் ஆகியும் சரக்கு தீரவில்லை பார்" என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. சரக்கு தீர்ந்ததால் பிறந்த ஆல்பம் இது.

அந்த செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கவேண்டும். புது ஆல்பம் இல்லாமல் போக முடியாது. பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுதும் நிலையிலும் இல்லை. கடைசியில் ஒலிப்பதிவாளர் கிரிஸ் கிம்சி பழைய டேப்புகளைக் குடைய ஆரம்பித்தார். 'டாப்ஸ்' என்ற பாட்டு 1972-இல் ஜமைக்காவில் பதிவானது. அதில் கிட்டார் வாசிக்கும் மிக் டெய்லர், ஆல்பம் வரும்போது குழுவை விட்டுப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. உறையில் அவர் பெயர்கூட இல்லை, அது தனி அநியாயம். 'ஸ்லேவ்' 1975-இல் ராட்டர்டாமில் தொடங்கியது. உலகமே அறிந்த 'ஸ்டார்ட் மீ அப்'? 1978 வாக்கில் பாரிஸில் அதை ஜமைக்கா பாணி இசையான ரெக்கேயாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். அந்தக் குவியலுக்கு நடுவே நேரடி ராக்காக வாசித்த ஒரு பதிவு கிடந்தது. அதைத்தான் கிம்சி வெளியே எடுத்தார்.

சரி, மிச்சம் மீதியை ஒட்டிய ஆல்பம் ஒட்டுப்போட்ட மாதிரி அல்லவா கேட்கவேண்டும்? கேட்கவில்லை. ஜாகர் பல பாட்டுகளுக்குப் புதிதாக வரி எழுதிப் பாடினார், பாப் கிளியர்மவுண்டன் மிக்ஸிங்கில் எல்லாவற்றையும் ஒரே அறையில் வாசித்ததுபோல ஆக்கினார். வேகப் பாட்டுகள் இசைத்தட்டின் ஒரு பக்கம், மெதுவானவை மறு பக்கம் என்று பிரித்ததும் நல்ல யோசனை. எனக்கு அந்த இரண்டாம் பக்கம்தான் ஆல்பமே. 'வொரீட் அபவுட் யூ'வில் ஜாகர் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) தொடங்கி, பாதிக்கு மேல் தன் முரட்டுக் குரலுக்கு இறங்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' பாட்டுக்கு சாக்ஸபோன் வாசித்தவர் ஜாஸ் மேதை சன்னி ரோலின்ஸ். அவர் இதற்கெல்லாம் வரவே மாட்டார் என்றாராம் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ். வந்தார். எந்த இடத்தில் வாசிக்கவேண்டும் என்பதை ஆடிக் காட்டச் சொல்லி ஜாகரிடம் கேட்டாராம்! ஸ்டுடியோவில் ஜாகர் ஆட, அதைப் பார்த்து ரோலின்ஸ் வாசித்திருக்கிறார். பாட்டின் முடிவில் சாக்ஸபோன் அப்படிக் குழைவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆக, பெருமை எழுபதுகளின் ஸ்டோன்ஸுக்கும் கிம்சியின் காதுக்கும் போகவேண்டியது. எண்பதுகளின் ஸ்டோன்ஸ் எப்படி என்று தெரியவேண்டுமானால் 1983-இல் வந்த 'அண்டர்கவர்' இருக்கிறது. தலைப்புப் பாட்டைத் தாண்டி எனக்கு அதில் ஒன்றும் ஒட்டவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம்.